ஒரு அறையில நாலு பேர்

நான் விருதுநகர்க்காரன். வெப் ஹோஸ்டிங் கம்பெனி ஒண்ணுல நைட் ஷிஃப்ட் பார்த்தேன். சைட் டவுன்னு டிக்கெட் வந்தா சர்வரைப் பார்ப்போம், தேவைப்பட்டா பேக்கப்பை எடுப்போம். அங்க கத்துக்கிட்ட முதல் பாடம், சர்வர் இருக்கிற கட்டடத்துலயே பேக்கப்பையும் வைக்கக் கூடாது.

2021 மார்ச் 10 அன்னிக்கு பிரான்ஸ்ல, ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துல ஓவிஎச் நிறுவனத்தோட டேட்டா சென்டர் எரிஞ்சது. லட்சக்கணக்கான சைட் முடங்கிச்சு. பேக்கப்பையும் அதே வளாகத்துல வச்சிருந்த சிலருக்கு எதுவுமே மிஞ்சல. ஆனா உயிர்ச்சேதம் இல்லை.

எங்க மாவட்டத்துக்கு இது பழைய பாடம். 1920கள்ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுல தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு சிவகாசிக்குத் திரும்பினாங்க. பின்னால பட்டாசும் வந்தது. பட்டாசு ஆலை ஒரே பெரிய கட்டடமா இருக்காது. இடைவெளி விட்டுச் சின்னச் சின்ன அறைகளா இருக்கும். மருந்து செலுத்துற அறையில நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாதுங்கிறது விதி. ஒண்ணு வெடிச்சாலும் அடுத்தது தப்பணும்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஒரு ஆலையில அறை அறையா வெடிச்சு 30 பேருக்கு மேல இறந்தாங்க. அளவுக்கு மீறி ஆளும் மருந்தும் இருந்ததா புகார் எழுந்துச்சு.

சர்வர் எரிஞ்சா பேக்கப்ல இருந்து மீட்டுடலாம், ஆளை மீட்க முடியாது. அதனால வெடிவிபத்துன்னு செய்தி வந்தா, அந்த அறையில எத்தனை பேர் இருந்தாங்கன்னுதான் இன்னைக்கும் நான் முதல்ல தேடுறேன்.