64 பிட் செயலிகளின் பரவலும் பழைய மென்பொருள்களின் செல்வாக்கும்

1985இல் அறிமுகமான இன்டெல் 80386 செயலி, தனியாள் கணினிகளில் 32 பிட் கட்டமைப்புக்கு வழிவகுத்தது. 32 பிட் முகவரியைக் கொண்டு ஒரு நிரல் சுட்டக்கூடிய நினைவகத்தின் உச்சவரம்பு 4 ஜிகாபைட் ஆகும். இவ்வரம்பைக் கடக்க இருவேறு வழிகள் மேற்கொள்ளப்பட்டன. 2001இல் இன்டெல் வெளியிட்ட இட்டானியம் புதிய கட்டளைத் தொகுதியைக் கொண்டிருந்தது. பழைய மென்பொருள்கள் அதில் மெதுவாகவே இயங்கின. 2003இல் ஏஎம்டி வெளியிட்ட ஆப்டெரான், வழக்கிலிருந்த கட்டளைத் தொகுதியையே 64 பிட்டாக விரிவாக்கியது; பழைய மென்பொருள்களும் அதில் வேகம் குன்றாது இயங்கின. 2004இல் இன்டெலும் இவ்விரிவாக்கத்தை ஏற்றது.

ஆயினும் மாற்றம் மெதுவாகவே நிகழ்ந்தது. 64 பிட் விண்டோசுக்குச் சாதன இயக்கிகளைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பும் தொடர்ந்தது. 2021இல் வெளியான விண்டோஸ் 11இல்தான் அது கைவிடப்பட்டது. இட்டானியம் விநியோகம் முடிவுற்றதும் அதே ஆண்டில்தான். செயலித் தேர்வில் புதுமையைவிடப் பழைய மென்பொருள்களின் தொடர்ச்சியே முதன்மை பெற்றது என்பது இதனால் பெறப்படும்.