பிம்பத்தின் ஆட்சி: சுஜாதாவின் ஜீனோ நாவல்களில் வில்லன்கள்

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' இரண்டையும் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஜீனோ என்ற இயந்திர நாயைச் சுற்றியே நின்றுவிடுகிறது. 1980களில் ஆனந்த விகடன் வாசகர்களைக் கட்டிப்போட்டது அந்த நாய்தான். ஆனால் முதல் நாவலின் உண்மையான சாதனை, அது வில்லனைக் கையாண்ட விதம். இரண்டாம் நாவலில் அது குறுகிவிட்டது. இதுவே என் வாதம்.

2021இல் நடக்கும் முதல் கதையில் இந்தியா ஜீவா என்னும் சர்வாதிகாரியின் பிடியில் இருக்கிறது. குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும்; பெயரும் இரண்டெழுத்தைத் தாண்டக் கூடாது. நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா: ஒடுக்கப்படுபவளும் ஒடுக்குபவனும் ஒரே இரண்டெழுத்து அளவுக்குள் அடங்கியவர்கள். கணவன் சிபி காணாமல் போக, நிலா அலைகிறாள். ஜீவாவை ஒழிக்கத் துடிக்கும் புரட்சிக்காரர்களாக ரவியும் மனோவும் அவளுக்குத் துணை வருகிறார்கள். வாசகரின் வெறுப்பு முழுவதும் ஜீவாவின் மேல் குவிந்தபின் ஆசிரியர் அந்த இலக்கையே அகற்றிவிடுகிறார். ஜீவா மனிதனே இல்லை, வெறும் ஹோலோகிராம். பிம்பம் கலைந்தும் அதிகாரம் கலையவில்லை. துணைக்கு வந்தவர்களின் கைக்கு அது இடம் மாறுகிறது. தமிழ் வெகுஜனத் தொடர்கதையில் இவ்வளவு கறாரான அரசியல் சிந்தனை அரிது.

இதை எழுதியவர் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணிபுரிந்த பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அங்கே முக்கியப் பங்காற்றியவர். திரையில் தெரிவது வேறு, அதை இயக்கும் இடம் வேறு என்பது அவருக்கு அன்றாடத் தொழிலறிவு. 'ஜீவா' அந்த அறிவிலிருந்து முளைத்த கற்பனை என்றே கருதுகிறேன். ராஜா மந்திரி சூழ்ச்சிக் கதைகள் நம்மிடம் ஏராளம். அவற்றில் பொம்மை ராஜாவாவது ரத்தமும் சதையுமாக இருப்பான். இங்கே அதுவும் இல்லை. மக்களின் நம்பிக்கை மட்டுமே அரியணையில் இருக்கிறது.

திரும்பத் திரும்ப வரும் வில்லன்கள் தேய்வது உலக அறிவியல் புனைவிலும் காணும் நோய். பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1963இல் வந்த டாலெக் என்னும் எதிரி உயிரினங்கள் தனிமுகமற்ற வெறுப்பாகவே அச்சுறுத்தின. 1975இல் அவற்றைப் படைத்தவனாக டாவ்ரோஸ் வந்தபின் அவை பல கதைகளில் அவன் நிழலுக்குள் போயின. 'ஸ்டார் ட்ரெக்'கில் 1989இல் ஒற்றை மனமாக அறிமுகமான 'போர்க்' (Borg) என்னும் எதிரிக் கூட்டத்துக்கு 1996 திரைப்படம் ஓர் அரசியைக் கொடுத்தது. எதிரியோடு பேச, பேரம் பேச, அவனைக் கொல்ல ஒரு முகம் தேவைப்படுகிறது. கதை சொல்ல அது வசதி, அச்சத்துக்கு இழப்பு.

சுஜாதா முதல் நாவலில் எதிர்த்திசையில் போனார்: முகத்தைக் கொடுத்து, பிறகு பறித்தார். 'மீண்டும் ஜீனோ'வில் நிலா பொம்மை அரசி. ரவியும் மனோவும் பின்னிருந்து ஆட்டுவிப்பவர்கள். இப்போது யாரை வெறுப்பது என்று வாசகருக்கு முதலிலிருந்தே தெரியும். விறுவிறுப்புக்குக் குறைவில்லை, ஜீனோவின் மதிநுட்பமும் மெருகேறியிருக்கிறது. ஆனாலும் ரவி, மனோ என்ற இருவரின் சூழ்ச்சியாகத் தீமை சுருங்கிவிட்டது. முதல் நாவலில் ரவியை அஞ்சத்தக்கவனாக்கியது அவன் கொடுமையா? இல்லை, புரட்சிமேல் நாம் வைத்த நம்பிக்கையை அவன் பயன்படுத்திக்கொண்ட விதம். ஒருமுறை வெளிப்பட்ட துரோகி மறுபடி துரோகியாக முடியாது. ஒரு பிம்பத்தை வணங்கப் பழகிய மக்கள், நிலாவை வணங்குவதில் என்ன வேறுபாடு உணர்ந்தார்கள் என்பதைத்தான் இரண்டாம் நாவல் தோண்டியிருக்க வேண்டும்.