கடல் கடந்து வரும் அமிலம்: அந்தமானும் மோட்டார் சைக்கிள் மின்கலமும்

இந்தியாவில் மோட்டார் சைக்கிளின் வரலாறு பெரும்பாலும் எஞ்சினின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, மைசூரில் உருவான ஜாவா, 1980களில் ஜப்பானியக் கூட்டுறவோடு வந்த 100 சிசி வண்டிகள் என்று அது நகரும். பக்கவாட்டுப் பெட்டியில் மறைந்திருக்கும் பேட்டரிக்கு அதில் இடமில்லை. வண்டியின் பாகங்களுள் அமிலத்தையும் ஈயத்தையும் ஒருங்கே சுமப்பதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுதாக மாற்றப்பட வேண்டியதும் அதுதான். பெருநிலப்பரப்பில் அடுத்த தெருவில் கடை இருப்பதால் இந்த மாற்றத்தின் பின்னுள்ள ஏற்பாடுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. சென்னையிலிருந்து கடல்வழியே ஏறத்தாழ 1,190 கிலோமீட்டரும் கொல்கத்தாவிலிருந்து 1,255 கிலோமீட்டரும் தள்ளியுள்ள போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அவை தெளிவாகப் புலப்படுகின்றன.

ஈய-அமில மின்கலத்தை காஸ்தோன் பிளான்டே உருவாக்கியது 1859இல். போர்ட் பிளேரில் கைதிகள் குடியேற்றம் தொடங்கியதற்கு மறு ஆண்டு. அதன் வேதியியல் இன்றளவும் அடிப்படையில் மாறவில்லை. ஈயத் தகடு, ஈய டையாக்சைடு தகடு, நீர்த்த கந்தக அமிலம். ஓர் அறைக்கு ஏறத்தாழ 2 வோல்ட். பழைய வண்டிகளின் 6 வோல்ட் பேட்டரியில் மூன்று அறைகள், இன்றைய 12 வோல்ட் பேட்டரியில் ஆறு. இந்தியாவுக்கு இப்பொருளை இறக்குமதி செய்து விற்கப் பிரித்தானிய குளோரைடு நிறுவனம் 1916இல் வந்தது. 1946இல் வங்காளத்தின் ஷியாம்நகரில் அதன் ஆலை எழுந்தது. பின்னாளைய எக்சைடு இதன் தொடர்ச்சியே.

மாறாத வேதியியல் கப்பல் போக்குவரத்துக்கு ஒரு நிலையான சிக்கலை உண்டாக்கியது. அமிலம் நிரப்பிய பேட்டரி, யுஎன் 2794 என்ற எண்ணுடன், அரிக்கும் பொருள்களுக்கான 8ஆம் வகுப்பில் அடங்கும் ஆபத்தான சரக்கு. கவிழ்ந்தால் கசியும், கசிந்தால் அருகிலுள்ள சரக்கையும் கப்பலின் இரும்பையும் அரிக்கும். இதற்கு உலகெங்கும் வழங்கிய தீர்வுகளுள் ஒன்று ‘உலர் மின்னேற்ற’ பேட்டரி. தகடுகளுக்கு ஆலையிலேயே மின்னேற்றி, ஈரம் போக உலர்த்தி, வாயை மூடி அனுப்புவார்கள். அமிலம் தனியே கேனில் செல்லும். கடைக்காரர் அமிலத்தை ஊற்றி, தகடுகள் ஊற அரைமணி நேரம் விட்டு, ஹைட்ரோமீட்டரால் அடர்த்தி பார்த்து, பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் முதல் மின்னேற்றம் செய்வார். வெப்ப நாடுகளில் அமிலத்தின் அடர்த்தியைச் சற்றே குறைத்து வைப்பதும் வழக்கம். அடர்த்தி மிகுந்தால் வெப்பத்தில் தகடுகள் விரைவாக அரிபடும். உற்பத்தியின் கடைசிக் கட்டம், ஆகவே, ஆலையில் நிகழவில்லை. விற்பவரின் மேசையில் நிகழ்ந்தது. அவரை வெறும் வணிகராக எண்ணுவது தொழில்நுட்ப வரலாற்றில் ஒரு பிழை.

வண்டிக்குள் பேட்டரி வகித்த பங்கும் அன்று வேறு. 6 வோல்ட் ஜாவா போன்றவற்றில் தீப்பொறிக்கே பேட்டரி தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் 1985இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளில் தீப்பொறிக்கான மின்சாரத்தை மேக்னட்டோவே தந்தது. பேட்டரி செத்துப்போனால் ஹாரன் ஒலிக்காது, இண்டிகேட்டர் எரியாது. கிக்கரை உதைத்தால் எஞ்சின் ஓடும். பேட்டரி மாற்றுவதைத் தள்ளிப்போடலாம் என்பதே இதன் பொருள். அடுத்த கப்பல் எப்போது என்று கணக்கிட்டு வாழும் ஊரில் அது சிறிய சலுகையன்று.

அச்சலுகை படிப்படியாகப் பறிபோயிற்று. பொத்தானை அழுத்தி இயக்கும் செல்ஃப் ஸ்டார்ட் பரவியது. 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்ற விதி வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 நடைமுறைக்கு வந்தபின் எரிபொருள் உட்செலுத்தும் முறை பரவலாயிற்று. அதில் எரிபொருள் பம்புக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் தொடக்கத்திலேயே மின்சாரம் வேண்டும். 2021இல் வந்த புதிய கிளாசிக் 350இல் கிக்கரே இல்லை. வண்டி நின்றால் பேட்டரி வரும்வரை நிற்கத்தான் வேண்டும்.

இதே காலத்தில் பேட்டரியின் உள்ளமைப்பும் மாறியது. அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சவைத்து மூடி முத்திரையிடும் ஏஜிஎம் வகை இருசக்கர வண்டிகளுக்கு வந்தது. இது சிந்தாது, யுஎன் 2800 என்ற தனி எண்ணில், உரிய சோதனைகளில் தேறினால், போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் பெரிதும் தளரும். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, ஆவிக்குழாய் வேண்டியதில்லை. தீவுக்கென்றே செய்தது போலத் தோன்றும். ஆனால் இதற்கு ஒரு மறைவிலை உண்டு. உலர் பேட்டரியின் ஆயுள் அமிலம் ஊற்றிய நாளில் தொடங்கும். ஆலையிலேயே நிரப்பி முத்திரையிட்ட பேட்டரியின் ஆயுள் ஆலை வாசலில் தொடங்கிவிடும். துறைமுகத்தில் காத்திருக்கும் நாளும், கப்பலில் வரும் நாளும், கிடங்கில் கிடக்கும் மாதமும் வாங்குபவரின் கணக்கில் கழிகின்றன. வெப்பம் 10 பாகை கூடினால் தானாக மின் இழக்கும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். இழந்த நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகி, பிறகு மின்னேற்றினாலும் கரையா. உரிமையாளர் பெருநிலப்பரப்புக்குச் சென்று மாதக்கணக்கில் தங்கும்போது, வீட்டில் நிற்கும் வண்டிக்கும் இதுவே நேர்கிறது.

ஆகவே தீவில் மாற்று பேட்டரி தேர்பவர் விலையைப் பார்ப்பதற்கு முன் தயாரிப்புத் தேதியைப் பார்க்க வேண்டும். வோல்ட்மீட்டர் வைத்தும் பார்க்க வேண்டும். ஓய்வு நிலையில் 12.8 வோல்ட் அளவில் காட்டினால் நிறைவு. 12.4க்குக் கீழே இறங்கியிருந்தால் மின்னேற்றிய பின்னரே பொருத்துவது தகும். மற்றவை எங்கும் பொதுவானவை: அதே வோல்ட், உற்பத்தியாளர் குறித்த ஆம்பியர்-மணி, பெட்டிக்குள் அடங்கும் அளவு, நேர்முனை இடப்பக்கமா வலப்பக்கமா என்பது. கடைசியில் சொன்னதைத்தான் பலர் கவனிப்பதில்லை. முனை மாறிய பேட்டரியில் வயர் எட்டாமல் போகும். இழுத்து மாற்றிப் பூட்டினால் ரெக்டிஃபையர் எரியும். (பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் நேர்முனையே சட்டகத்தோடு இணைந்திருந்தது, அவற்றைப் புதுப்பிப்போர் வழுக்கும் இடம் இது.) எதிர்முனை சட்டகத்தோடு இணைந்த இன்றைய வண்டியில் கழற்றும்போது எதிர்முனை முதலில், பூட்டும்போது நேர்முனை முதலில். ஸ்பேனர் சட்டகத்தில் பட்டுக் குறுக்குச் சுற்று நேராதிருக்கவே இந்த வரிசை. உப்புக் காற்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழையும் உள்ள இடத்தில் முனைகளில் வாசலின் பூசுவது சடங்கன்று. பழைய திறந்த வகைக்குக் காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் மழைநீர் ஊற்றும் பழக்கமும் கடலோரத்துக்கு ஒவ்வாது. காற்றில் கலந்த உப்பின் குளோரைடு நேர்த்தகடுகளை அரிக்கும்.

கழற்றிய பேட்டரியின் கதை இன்னும் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. 2001ஆம் ஆண்டின் பேட்டரி விதிகள், விற்பவர் பழையதைத் திரும்பப் பெற வேண்டும் என்றன. விற்றதில் முதலாண்டு 50, இரண்டாம் ஆண்டு 75, அதன்பின் 90 விழுக்காடு மீள வேண்டும் என்பது இலக்கு. 2022இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பொறுப்பை உற்பத்தியாளர் மீது மேலும் அழுத்தமாக வைத்தன. சட்டம் ஒன்றே, நிலவியல் வேறு. சென்னையில் பழைய பேட்டரிக்குக் கழிக்கப்படும் தொகை ஈயத்தின் விலையைச் சார்ந்தது. தீவில் அதே ஈயம் மறுசுழற்சி ஆலையை அடைய மீண்டும் கடல் கடக்க வேண்டும். வரும்போது சிந்தாத சரக்காக வந்த ஏஜிஎம் பேட்டரிகூட, உறை வெடித்துக் கசிந்து திரும்பினால் அச்சலுகையை இழந்துவிடும். இரண்டு கிலோ எடையுள்ள, பெரும்பகுதி ஈயமான ஒரு பொருளுக்குத் திரும்பும் வழியின் செலவை யார் ஏற்பது என்பதைக் கடைக்காரர், முகவர், உற்பத்தியாளர் ஆகிய மூவரின் கணக்கேடுகளையும் கப்பல் சரக்குப் பட்டியல்களையும் ஒப்பிட்டே அறிய முடியும்.