சுண்ணாம்பும் முருகைக்கல்லும்

முருகைக்கல்லைச் சூளையில் எரித்து வெற்றிலைக்கும் சுவருக்கும் சுண்ணாம்பு எடுத்தது நம் பெரியவர்களுக்குத் தெரியும். அதே சுண்ணாம்பு உயிருள்ள முருகையை வளர்த்த கதையை இம்மாதம் சொல்கிறேன்.

கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 420 மில்லிகிராம் கல்சியம் உண்டு. முருகை உயிர்கள் அதையும் காபனேற்றையும் எடுத்தே தம் கூட்டைக் கட்டுகின்றன. கண்ணாடித் தொட்டியில் இவை விரைவில் குறைந்து, வளர்ச்சி நின்றுவிடும். 1961இல் இந்தோனேசியாவின் லீ சின் எங், உயிர்ப்பாறையும் இயற்கைக் கடல்நீரும் கொண்டு தொட்டி வளர்த்த முறையை எழுதினார். கடலுக்குத் தொலைவில் இருப்பவர்கள் என்ன செய்வது? 1970களில் ஐரோப்பாவில் பீற்றர் வில்கென்ஸ் காட்டிய வழி, தெளிந்த சுண்ணாம்பு நீர். ஜேர்மன் மொழியில் ‘கல்க்வாசர்’. அது கல்சியத்துடன் காரத்தன்மையையும் ஈடுசெய்கிறது. கடுங்காரம் என்பதால், ஆவியாகும் நீருக்குப் பதிலாகத் துளித்துளியாகவே விடுவார்கள்.

இலங்கையில் நடந்தது நேர்மாறு. தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புக்காக முருகைப் பாறைகளை உடைத்தார்கள். 1988இல் சட்டம் தடுத்தும் களவாகத் தொடர்ந்தது. 2004 ஆழிப்பேரலையில், பாறை காக்கப்பட்ட ஹிக்கடுவையை விட, பாறை அகழப்பட்ட பெரலியவில் அலை வெகுதூரம் உட்புகுந்ததை ஆய்வாளர்கள் 2005இல் எடுத்துக்காட்டினர்.

தொட்டியில் குறைந்த கல்சியத்தைச் சில நாட்களில் ஈடுசெய்யலாம். உடைத்த பாறை மீளப் பல பத்தாண்டுகள் வேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகளிடம், கரையில் பார்க்கும் முருகைக்கல்லை அங்கேயே விட்டுவரச் சொல்லுங்கள்.