பத்துப் பேரும் ஒரு காசும்

பங்கில் ஒரு நற்பணி தொடங்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்குக் கூரை வேண்டும். அல்லது ஏழை மாணவர்க்கு உதவி நிதி வேண்டும். பங்குப் பேரவை கூடுகிறது. முதலில் எழும் கேள்வி, "யாரிடம் கேட்பது?" என்பதே. வெளியூரில் வசதியாக வாழும் ஒருவருடைய பெயர் அடிபடுகிறது. அவர் கொடுத்தால் பணி நடக்கும். கொடுக்காவிட்டால் தீர்மானம் ஏட்டோடு நின்றுவிடும்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதி மக்களாகிய நாம் இக்கேள்வியை வேறு விதமாகக் கேட்பதற்கு இரு பெண்களின் வரலாறு துணைசெய்கிறது. ஒருவர் நம் மண்ணைக் கண்டதே இல்லை; ஆயினும் அவர் தொடங்கிய காணிக்கையின் பயன் நம் மறைமாவட்டத்தின் பழைய மறைப்பணித் தளங்களை வந்தடைந்தது. மற்றவர் தம் வாழ்வின் அழைப்பைத் திண்டிவனத்திலேயே கேட்டார். இருவருக்கும் இடையே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள். ஆனால் இருவரும் காட்டும் பாடம் ஒன்றே.

லியோன் நகரின் பட்டாலைப் பெண்கள்

பிரான்சு நாட்டின் லியோன் நகரில், பட்டு வணிகக் குடும்பம் ஒன்றில் 1799-இல் பிறந்தவர் பவுலின் ஜாரிக்கோ. குருமாணவராய் இருந்த அவருடைய அண்ணன், பாரிஸ் அந்நிய வேதபோதக சபையின் மறைப்பணித் தளங்கள் பொருளின்றி வாடுவதைக் கடிதங்களில் எழுதிவந்தார். 1776 முதல் புதுவை மறைப்பணித் தளத்தின் பொறுப்பை ஏற்றிருந்ததும் இச்சபையே. புரட்சியின் கொந்தளிப்பில் செல்வத்தை இழந்திருந்த பிரான்சுத் திருச்சபையால் அள்ளிக் கொடுக்க இயலாத காலம் அது.

பவுலின் செல்வர் வீட்டு வாயில்களைத் தட்டி நிற்கவில்லை. பட்டாலைகளில் உழைத்த ஏழைப் பெண்களிடம் சென்றார். பத்துப் பேர் ஒரு குழு. ஒவ்வொருவரும் வாரத்திற்கு ஒரு 'சூ', அதாவது மிகச் சிறிய செப்புக்காசு, கொடுக்க வேண்டும். பத்துப் பேருக்கு ஒரு தலைவர் அதைத் திரட்டுவார். பத்துக் குழுக்களுக்கு மேல் நூற்றுவர் தலைவர். அவர்களுக்கும் மேல் ஆயிரவர் தலைவர். எவரும் பத்துப் பேருக்கு மேல் நேரில் சந்திக்க வேண்டியதில்லை. அந்தப் பத்துப் பேரும் அவருக்கு நன்கு தெரிந்தவர்கள்.

1822 மே 3-ஆம் நாள் லியோன் நகரப் பொதுநிலையினர் சிலர் கூடி, இந்த அமைப்பையே அடிப்படையாகக் கொண்டு விசுவாசப் பரப்புதல் சங்கத்தை நிறுவினர். முதலாண்டில் ஏறக்குறைய 23,000 பிராங்கு சேர்ந்தது. அது கீழ்த்திசை நாடுகளின் பணிக்கும் வட அமெரிக்காவின் லூசியானா, கென்டக்கி பகுதிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. பின்னர் உலகெங்கும் பரவிய இச்சங்கம், 1922-இல் பதினோராம் பத்திநாதரால் பாப்பிறைச் சங்கமாக உயர்த்தப்பட்டது. பவுலின் 2022 மே 22 அன்று அருளாளராக உயர்த்தப்பட்டார்.

காசு திரட்டியதோடு சங்கம் நின்றுவிடவில்லை. தொலைநாட்டுக் குருக்கள் எழுதிய கடிதங்கள் ஒரு பருவ இதழில் அச்சாயின. ஒவ்வொரு பத்துப் பேர் குழுவுக்கும் ஓர் இதழ் சென்றது. ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டனர். தாம் கொடுத்த செப்புக்காசு எங்கே போயிற்று என்பதைத் தறியருகே நின்ற பெண்ணும் அறிந்தாள். வரவுசெலவுக் கணக்கும் ஆண்டுதோறும் அச்சில் வெளியாயிற்று.

திண்டிவனத்தில் ஓர் இரவு

இரண்டாம் வரலாறு நம் ஊரிலேயே தொடங்குகிறது. ஆற்காடு மிஷன் என்னும் அமெரிக்கச் சீர்திருத்த சபையின் மருத்துவப் பணியாளர் ஜான் ஸ்கடர் திண்டிவனத்தில் பணியாற்றினார். 1890-ஆம் ஆண்டையொட்டி, நோயுற்ற தாய்க்கு உதவ அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார் அவர் மகள் ஐடா. இந்தியாவில் தங்கிவிடும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இல்லை. ஓர் இரவில் மூன்று ஆண்கள், ஒருவர்பின் ஒருவராக, அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றவரும் ஓர் இந்து. மூவருடைய மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். மருத்துவரான தந்தையை அனுப்புவதாக ஐடா கூறினார். ஆண் மருத்துவர் வருவதை மூவருமே ஏற்கவில்லை. மருத்துவம் கல்லாத ஐடாவால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது.

ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899-இல் பட்டம் பெற்றார். இந்தியா திரும்புமுன், பெண்களுக்கான மருத்துவமனை ஒன்றிற்கு நிதி திரட்ட முயன்றார். சிறு தொகைகளே கிடைத்துவந்த வேளையில், நியூயார்க் வங்கியாளர் ஷெல் என்பவர், மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் அளித்தார். அந்தப் பணத்தில் எழுந்த மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை 1902-இல் வேலூரில் திறக்கப்பட்டது.

ஒரே கொடையாளர், ஒரே கொடை, ஒரு கட்டடம். இதனை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எனினும் ஐடாவின் கனவு கட்டடத்தோடு நின்றுவிடவில்லை. இந்நாட்டுப் பெண்களே மருத்துவராக வேண்டும் என்று கருதி, 1918-இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். கட்டடத்தை ஒருவர் கட்டித் தந்துவிடலாம். ஆண்டுக்காண்டு மாணவியரைப் பயிற்றும் பள்ளியை ஒருவர் கொடையால் நடத்த முடியாது.

இருபது இலட்சம் டாலர்

அக்காலத்தில் இந்தியாவில் மூன்று, சீனாவில் மூன்று, ஜப்பானில் ஒன்று என ஏழு மகளிர் கல்லூரிகள் பொருளுதவியை நாடி நின்றன. வேலூர் மருத்துவப் பள்ளியும் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியும் அவற்றுள் அடங்கும். ஏழும் தனித்தனியே சென்றிருந்தால், ஒரே வீட்டின் கதவை ஏழு முறை தட்டியிருக்கும். லூசி பீபாடி என்ற அம்மையார் அவற்றை ஒரே முயற்சியாக இணைத்தார். இவர் 1880-களில் கணவரோடு சென்னையில் மறைப்பணி செய்து, கணவரை இங்கேயே இழந்து, தாயகம் திரும்பியவர்.

ராக்பெல்லர் தம் மனைவியின் நினைவாக நிறுவிய அறக்கட்டளை பத்து இலட்சம் டாலர் தர முன்வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தது: குறித்த கெடுவுக்குள் பெண்கள் இருபது இலட்சம் டாலர் திரட்டியாக வேண்டும். முதற்பார்வைக்கு இது கடுமையாகத் தோன்றலாம். உண்மையில் பெருங்கொடை, பல சிறு கொடைகளுக்குத் தூண்டுகோலாயிற்று. ஒருவர் தரும் ஒரு டாலர் ஒன்றரை டாலராகும் என்பது எளிய பெண்ணுக்கும் விளங்கிய கணக்கு.

வெவ்வேறு சபைகளின் மகளிர் சங்கங்கள் ஊர்தோறும் குழு அமைத்தன. 1922 டிசம்பரில் 'டாலர் நாள்' என்று ஒரு நாளைக் குறித்துப் பெண்களிடம் ஆளுக்கொரு டாலர் கேட்டனர். ஐடாவும் ஊர் ஊராகச் சென்று பேசினார். இலக்கு நிறைவேறியது; அறக்கட்டளையின் பங்கும் சேர்ந்து தொகை ஏறத்தாழ முப்பது இலட்சம் டாலரை எட்டியது. வேலூரில் பின்னர் எழுந்த மருத்துவமனை, கல்லூரிக் கட்டடங்களில் இந்தக் காசும் கலந்திருக்கிறது.

1938-இல் சென்னை அரசு மருத்துவக் கல்வியைப் பட்டப் படிப்பு நிலைக்கு உயர்த்த முடிவு செய்தபோது, பள்ளியே மூடப்படும் அபாயம் வந்தது. எழுபது வயதைக் கடந்த ஐடா 1941-இல் மீண்டும் அமெரிக்கா சென்று, போர்க்காலத்தில் ஊர் ஊராகக் கேட்டார். 1942-இல் பட்டப் படிப்பு தொடங்கியது. பல சபைகளின் ஆதரவை விரிவாக்க, ஆண்களையும் சேர்ப்பதென முடிவாயிற்று. 1947-இல் அது நடைமுறைக்கு வந்தது. பெண்களுக்கென்று பெண்கள் தந்த பணம் இது என்று கூறி, பீபாடி அம்மையார் இதனைக் கடுமையாக எதிர்த்தார். கல்லூரி வாழ்ந்தது; ஆனால் அவர் எழுப்பிய கேள்வி இன்றும் நியாயமானது. ஒரு நோக்கத்திற்கெனப் பெற்ற காசை வேறு வழியில் திருப்புமுன், கொடுத்தவர் முகத்தை நினைவில் கொள்ள வேண்டுமல்லவா?

கணக்கு எனும் அறம்

பவுலின் ஜாரிக்கோவின் வாழ்வில் துயரமான மறுபாதி ஒன்றும் உண்டு. தொழிலாளர் நேர்மையான கூலியோடும் மாண்போடும் வாழ ஒரு மாதிரித் தொழிலகம் அமைக்க விரும்பி, 1845-இல் இரும்பாலை ஒன்றை வாங்கினார். எளியோர் பலர் தம் சேமிப்பை அவரை நம்பிக் கொடுத்தனர். நிர்வாகத்தை ஏற்றவர்கள் வஞ்சித்தனர், முயற்சி நொடித்தது. எஞ்சிய வாழ்நாளை அந்தக் கடனை அடைப்பதிலேயே கழித்து, 1862-இல் வறியவராக இறந்தார்.

அதே பெண், அதே தூய உள்ளம். ஓர் அமைப்பு வளர்ந்தது, மற்றொன்று வீழ்ந்தது. காசுச் சங்கத்தில் பத்துப் பேரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். கணக்கு அச்சில் வந்தது. இரும்பாலையில் பணம் சிலர் கையில் குவிந்தது, கேட்பாரில்லை. நல்லெண்ணம் கணக்கேட்டுக்கு மாற்றாகாது. புனித பவுலும் எருசலேம் ஏழைகளுக்காகக் காணிக்கை திரட்டியபோது, வாரத்தின் முதல் நாளில் அவரவர் இயன்றதை எடுத்துவைக்கச் சொன்னார். திரண்டதைக் கொண்டுசெல்ல, மக்களின் ஒப்புதல் பெற்றவர்களையே அனுப்பினார். தம்மீது எவரும் குறைகூற இடமிருக்கலாகாது என்பதில் திருத்தூதரே அத்துணைக் கவனமாயிருந்தார்.

இவற்றை நம் பங்குகளில் பின்பற்றுவது அரிதன்று. அன்பியங்கள் நம்மிடம் உள்ளன. பத்து வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர், கூலிவேலை செய்பவரும் தரக்கூடிய ஒரு சிறு தொகை, ஒரே நோக்கம், ஒரு கெடு, மாதந்தோறும் ஆலய அறிவிப்புப் பலகையில் வரவும் செலவும், பணி முடிந்தபின் கொடுத்தவர் அனைவர்க்கும் ஒரு செய்தி. வசதி படைத்தவரிடம் கேட்கவே கூடாது என்பதில்லை. "எங்கள் மக்கள் இவ்வளவு சேர்த்தால் நீங்கள் எவ்வளவு சேர்ப்பீர்கள்?" என்று கேட்போம். அவ்வாறு கேட்பவர் இரந்து நிற்பவராக இரார். பங்காளியாக நிமிர்ந்து நிற்பார்.

கொடுத்தவர் பெயரைக் குழல்விளக்கின்மீதும் எழுதும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. லியோன் நகரில் செப்புக்காசு தந்த பெண்களின் பெயரை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. திண்டிவனத்தில் அன்றிரவு இறந்த மூன்று பெண்களின் பெயரும் பலருக்குத் தெரியாது. ஆயினும் புதுவை மறைப்பணித் தளத்தின் வளர்ச்சியில் முன்னவர்க்கும், வேலூர் மருத்துவமனையில் உயிரோடு பிறந்த குழந்தைகளில் பின்னவர்க்கும் பங்குண்டு. அடுத்த முறை பேரவை கூடும்போது, "யாரிடம் கேட்பது?" என்பதற்குமுன், "நம் பத்துப் பேர் யார்?" என்று கேட்டுத் தொடங்குவோம்.