பாஞ்சோவின் பழைய உறவு

அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்ட ஆபிரிக்க மக்கள், சுரைக்குடுவையில் தோல் போர்த்தி, தந்தி கட்டி அமைத்த வாத்தியத்தின் வழிவந்ததே பாஞ்சோ. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையர், கறுப்பினத்தவரை எள்ளி நகையாடிய மேடைக் கூத்துக்களில் அதனைக் கையாண்டனர். பின்னர் அது புளூகிராஸ் இசைக்கு உயிர்நாடியாயிற்று. அதனைப் படைத்தவர் யாரென்பதைப் பலரும் மறந்தனர்.

1990இல் பேலா பிளெக்கும் பிளெக்டோன்ஸ் குழுவினரும் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டனர். நியூயோர்க்கிற் பிறந்த வெள்ளையரான பிளெக் பாஞ்சோ மீட்ட, கறுப்பினச் சகோதரர்களான விக்டர் வூட்டன் பாஸ் கிட்டாரும், ரோய் வூட்டன் கிட்டார் வடிவினதான மின்தாளக் கருவியும் இசைத்தனர். ஹவார்ட் லெவி ஹார்மோனிக்காவும் பியானோவும் வாசித்தார். ஜாஸும் புளூகிராஸும் அங்கே கலந்தன.

2005இல் பிளெக், பாஞ்சோவின் வேரைத் தேடிக் காம்பியாவுக்கும் மாலிக்கும் சென்றார். புதுமையெனப் போற்றப்பட்ட அவ்விசைக் கலப்பு, உண்மையில் பிரிந்த உறவுகளின் சந்திப்பேயாகும்.