தந்தியில் கேட்காத கேள்வி

வாடகைக்கு அறை விடுகிறவரும் அங்கே தங்க வருகிறவரும் நேரில் பார்த்துக்கொள்வதற்கு முன்னால் என்ன பேசிக்கொள்கிறார்கள்? ஏர்பிஎன்பியில் அறை பிடித்தவர்களுக்குத் தெரியும். எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருவீர்கள், சாவி எங்கே இருக்கும், கார் நிறுத்த இடமுண்டா. சலிப்பான சமாசாரம் மாதிரிதான் தோன்றும். ஆனால் இந்தச் சலிப்பான பேச்சுக்கு நூறு வருஷத்துக்கு மேல் வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் ஒரு கேள்வி மட்டும் உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருந்திருக்கிறது. 'நீ யார்?' என்பதுதான் அது.

முதலில், அந்தக் கேள்வியே இல்லாத ஒரு ஏற்பாடு.

20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஐரோப்பிய ஹோட்டல் பட்டியல்களிலும் பயண வழிகாட்டிகளிலும் ஒரு சின்ன அட்டவணை அச்சாகும். சர்வதேச ஹோட்டல் தந்திக் குறியீடு என்று பெயர். தந்திக்குச் சொல் கணக்கில் காசு. 'இரண்டு அறை வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், குழந்தைக்கு ஒரு கட்டில், ஞாயிறு பிற்பகல் வருகிறோம், ஒரு ராத்திரி மட்டும்' என்று முழுசாக எழுதினால் சொத்தே போய்விடும். குறியீட்டில் இது நாலே சொல்: பெலாப், கிண்ட், பாலிப், பாஸ். கீழே ஒரு பெயர். முடிந்தது. பல நாள் தங்குவதென்றால் பாஸுக்குப் பதில் ஸ்டாப். குளியலறை வேண்டுமென்றால் பாட். கூட வரும் வேலைக்காரருக்கு அறை வேண்டுமென்றால் செர்வ். வரவில்லை என்றால் அனுல்.

இந்தச் சொற்கள் சும்மா வாய்க்கு வந்தபடி வைத்தவை அல்ல. ஆல்பா என்றால் ஓர் அறை, ஒரு கட்டில். ஆராப், ஓர் அறை, இரண்டு கட்டில். ஆபெக், ஓர் அறை, மூன்று கட்டில். பெலாப், இரண்டு அறை, இரண்டு கட்டில். பிராக், இரண்டு அறை, மூன்று கட்டில். ரோமன் எழுத்தில் இவற்றை எழுதிப் பாருங்கள். முதல் எழுத்துதான் அறைகளின் எண்ணிக்கை: ஏ என்றால் 1, பி என்றால் 2, சி என்றால் 3. கடைசி எழுத்து கட்டில்களின் எண்ணிக்கை. ஆராப் ஏ-யில் தொடங்கி பி-யில் முடிகிறது. ஓர் அறை, இரண்டு கட்டில். நடுவில் இருக்கும் எழுத்துகள் வாயில் சொல்ல வசதிக்காக.

வருகை நேரத்துக்கு இதைவிட நல்ல வேலை செய்திருக்கிறார்கள். வாரத்தின் ஏழு நாள். காலை, பிற்பகல், மாலை, இரவு என்று நான்கு வேளை. மொத்தம் 28 ஐந்தெழுத்துச் சொற்கள். காலையும் பிற்பகலும் பி-ஓ என்று தொடங்கும், மாலையும் இரவும் ஆர்-ஏ என்று தொடங்கும். ஒரே வேளைக்குரிய ஏழு சொற்களில் மூன்றாவது எழுத்து, ஞாயிறு தொடங்கி சனி வரை அகரவரிசையில் ஏறிக்கொண்டே போகும். 28 சொற்களையும் ஒரு சின்ன பைத்தான் நிரலில் கொடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தேன். எந்த இரண்டு சொல்லை எடுத்தாலும் குறைந்தது இரண்டு எழுத்தாவது வேறுபடுகிறது. அதாவது, தந்தி அனுப்புகிறவர் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டிவிட்டால் அது இன்னொரு நாளாக மாறிவிடாது. அர்த்தமில்லாத சொல்லாகிவிடும், ஹோட்டல்காரர் திரும்பக் கேட்டுக்கொள்வார். ரிச்சர்ட் ஹாமிங் பிழை கண்டறியும் குறியீடுகள் பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியது 1950-இல். அதற்கு வெகு முன்பே தந்திக் குறியீட்டு நூல்கள் தொகுத்தவர்களுக்கு இந்த வித்தை அத்துப்படி. 1906-இல் வந்த பென்ட்லி குறியீட்டு நூலும் இதே இரண்டெழுத்து விதியில்தான் கட்டப்பட்டது.

என் தொழில் பாஷையில் சொன்னால் இது ஓர் ஏபிஐ. எத்தனை அறை, எத்தனை கட்டில், எப்போது, எவ்வளவு நாள், ரத்து. இவ்வளவுதான் புலங்கள். வருகிறவர் என்ன இனம், என்ன மதம், யாரோடு வருகிறார் என்பதற்கு இடமே கிடையாது.

இதைப் பார்த்து அந்தக் கால ஐரோப்பாவை மெச்சிக்கொள்ள வேண்டாம். தந்தி கொடுத்து அறை பிடிக்கிறவர் காசுள்ளவர். வடிகட்டல் அங்கேயே பாதி நடந்துவிட்டது. வட கடலில் ஜெர்மனியின் போர்க்கும் தீவு, யூதர்களை வரவிடாத ஊர் என்று தானே பெருமையாகச் சொல்லிக்கொண்ட கடற்கரைத் தலம். எந்தெந்த ஊர்களுக்குப் போகக் கூடாது என்று யூத அமைப்புகள் பட்டியல் வெளியிட வேண்டியிருந்தது. குறியீட்டில் கேள்வி இல்லை என்பதால் ஊரில் இல்லை என்று ஆகாது. கீழே இருக்கும் கையெழுத்தே போதும் சிலருக்கு.

கையெழுத்துக்கு எவ்வளவு சக்தி என்பதை அளந்து பார்த்தவர்கள் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

1930-இல் ரிச்சர்ட் லபியேர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் ஓர் இளம் சீனத் தம்பதியோடு காரில் ஊர் சுற்றினார். சீனர்கள் குடியேறுவதைத் தடுக்கும் சட்டம் 1882 முதல் அமலில் இருந்த காலம். சின்ன ஊர் ஒன்றில், ஆசியர்கள் மேல் வெறுப்புக்குப் பேர் போன இடத்தில், அங்கிருந்த நல்ல ஹோட்டலுக்குத் தயங்கித் தயங்கித்தான் போனார்கள். வரவேற்பில் இருந்தவர் யோசிக்கவே இல்லை, அறை கொடுத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து அதே வழியாகப் போன லபியேர், அந்த ஹோட்டலுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, முக்கியமான சீனப் பிரமுகர் ஒருவருக்கு அறை கிடைக்குமா என்று கேட்டார். கிடையாது என்று பட்டென்று பதில் வந்தது.

அதே ஹோட்டல். அதே அறைகள். மாறியது ஒன்றுதான்: கேள்வி ஆளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

லபியேர் இதை விடவில்லை. அடுத்த இரண்டு வருஷம் அந்தத் தம்பதியோடு சுமார் 10,000 மைல் பயணம். ஹோட்டல், கார் முகாம், வீட்டில் அறை விடும் 'டூரிஸ்ட் ஹோம்', சாப்பாட்டுக் கடை என்று மொத்தம் 251 இடங்கள். முடிந்தபோதெல்லாம் தான் காரையோ பெட்டியையோ பார்த்துக்கொள்வதுபோல் பின்தங்கி, தம்பதியை முதலில் உள்ளே போக விட்டார். கணக்கு எடுக்கிறார் என்பது அவர்களுக்கே தெரியாது. இன்றைக்கு எந்த ஆய்வு நெறிக்குழுவும் இதற்கு அனுமதி தராது, அது வேறு கதை. 251-இல் மறுத்த இடம் ஒன்றே ஒன்று.

பிறகு ஆறு மாதம் இடைவெளி விட்டு, போன இடங்களுக்கெல்லாம் கடிதம் போட்டார். சீன இனத்தவரை விருந்தினராக ஏற்பீர்களா என்பதுதான் கேள்வி. 81 உணவகங்களும் 47 தங்குமிடங்களும் பதில் போட்டன. உணவகங்களில் 75 இல்லை என்றன. தங்குமிடங்களில் 43 இல்லை என்றன. இரண்டிலும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல். மீதியில் ஒன்றைத் தவிர எல்லாமே 'சூழ்நிலையைப் பொறுத்தது' ரகம். அந்த ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன்.

1934-இல் வெளியான இந்தக் கட்டுரையை உளவியல் பாடப் புத்தகங்கள், மனப்பான்மையும் செயலும் ஒத்துப்போகாது என்பதற்கு உதாரணமாகச் சொல்கின்றன. குறைகளும் சொல்லியிருக்கிறார்கள்: கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் வாசலில் நின்றவரும் ஒரே ஆளா? நல்ல உடையும் தெளிவான ஆங்கிலமும் பேசும் தம்பதி எல்லோருக்கும் பிரதிநிதியா? நியாயமான கேள்விகள். ஆனால் அறை வாடகை என்ற கோணத்தில் படித்தால் விஷயம் எளிது. காகிதத்தில் வருவது ஒரு 'வகை'. வாசலில் வருவது களைத்துப்போன இரண்டு பேர், கையில் பெட்டி, முகத்தில் சிரிப்பு. வகையை மறுப்பது சுலபம்.

கனடாவில் இதையே இன்னும் கறாராகச் செய்தார்கள். 1940-களில் எஸ். எல். வாக்ஸ் என்பவர், டொரன்டோ செய்தித்தாள்களில் விளம்பரம் செய்த சுமார் 100 கோடைக்கால விடுதிகளுக்கு இரண்டிரண்டு கடிதங்கள் எழுதினார். ஒரே நாள், ஒரே தேதிக்கு அறை. ஒன்றில் கையெழுத்து லாக்வுட், இன்னொன்றில் யூதப் பெயரான க்ரீன்பெர்க். லாக்வுட்டுக்கு 93 சதவீத விடுதிகள் அறை தருவதாகச் சொல்லின. க்ரீன்பெர்க்குக்கு 36. அவருக்குப் பாதிப் பேர் பதிலே போடவில்லை. இல்லை என்று எழுதுவதைவிட மௌனம் மலிவு. தபால் தலைகூட மிச்சம்.

மறுக்கப்படுகிறவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் முன்கூட்டிப் பேசுவது வேறு பொருள் பெறுகிறது. ராத்திரி பத்து மணிக்கு, பின் சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, வாசலில் போய் நின்று தெரிந்துகொள்ள முடியாது. விக்டர் ஹியூகோ க்ரீன் நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்த கறுப்பினத் தபால்காரர். 1936-இல் அவர் தொடங்கிய 'க்ரீன் புக்', கறுப்பினப் பயணிகளை ஏற்கும் இடங்களின் பட்டியல். 2018-இல் வந்த படத்தால் பெயர் பலருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பட்டியலில் கணிசமானவை ஹோட்டல்களே அல்ல என்பது படம் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. பல ஊர்களில் கறுப்பினத்தவரை ஏற்கும் ஹோட்டலே கிடையாது. அங்கெல்லாம் பட்டியலில் இருந்தவை வீடுகள். ஒரு திருமதி இன்னார், இன்ன தெரு, இன்ன எண். காலியாக இருக்கும் ஓர் அறையைப் பயணிக்கு விடும் குடும்பங்கள். ஏர்பிஎன்பிக்கு 70 வருஷம் முந்தைய ஏர்பிஎன்பி என்று சொன்னால் மிகையில்லை. 1947-இல் க்ரீன் முன்பதிவுச் சேவையும் தொடங்கினார். 'நீ யார்?' என்ற கேள்விக்கு இந்தப் புத்தகம் பதிலை முன்னாலேயே அச்சடித்துவிட்டது. அதன் பிறகு எத்தனை பேர், எப்போது என்ற சலிப்பான பேச்சைப் பேசினால் போதும்.

1964 ஜூலை 2 அன்று கையெழுத்தான குடியுரிமைச் சட்டம், தங்குமிடங்களில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்தது. அதில் ஒரு ஓட்டை விட்டுவைத்தார்கள். உரிமையாளரே குடியிருக்கும் கட்டடத்தில் வாடகைக்கு விடும் அறைகள் ஐந்துக்கு மேல் இல்லையென்றால் சட்டம் பொருந்தாது. அமெரிக்க அரசியலில் இதற்கு 'திருமதி மர்ஃபி விலக்கு' என்று பெயர். மர்ஃபி கற்பனைப் பாத்திரம். வீட்டில் நாலு அறையை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் விதவைத் தாய். அவருடைய சமையலறையில் யார் நடமாடலாம் என்பதை அரசாங்கம் சொல்லலாமா என்பது வாதம்.

சென்னையில் வாடகை வீடு தேடியவர்களுக்கு திருமதி மர்ஃபியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வாடகை எவ்வளவு என்று நாம் கேட்கும் முன்பே போனில் 'வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா சார்?' என்று வரும். கேட்பது சாப்பாட்டைப் பற்றி அல்ல என்பது இரண்டு பக்கமும் தெரியும்.

2007 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வடிவமைப்பாளர் மாநாடு. ஹோட்டல்கள் நிரம்பிவிட்டன. வாடகைக்குத் திண்டாடிய இரண்டு இளைஞர்கள் காற்று மெத்தைகளைப் போட்டு மூன்று பேரைத் தங்கவைத்தார்கள். ஏர்பிஎன்பி பிறந்த கதை இதுதான், எல்லோருக்கும் தெரிந்தது. முன்பின் தெரியாதவரை வீட்டுக்குள் விடவேண்டுமே, அந்தப் பயத்தைப் போக்க அவர்கள் பிடித்த வழி பெயரும் முகமும். விருந்தினர் செய்தி அனுப்பும்போதே படம் கூட வரும். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ஏற்கலாம், மறுக்கலாம். தந்திக் குறியீட்டில் இல்லாத புலம், இங்கே திரையின் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. வடிவமைத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. நம்பிக்கைக்காகத்தான் வைத்தார்கள். ஆனால் ஒரு புலத்தை வைத்தால் அதை எல்லா விதத்திலும் பயன்படுத்துவார்கள்.

2015-இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் எடல்மன், லூக்கா, ஸ்விர்ஸ்கி மூவரும் ஐந்து அமெரிக்க நகரங்களில் சுமார் 6,400 வீடுகளுக்கு அறை கேட்டுச் செய்தி அனுப்பினார்கள். படம் கிடையாது. வாசகம் ஒன்றே. பெயர் மட்டும் வேறு. வெள்ளையர் பெயருக்கு 50 சதவீதம் போல ஏற்பு. கறுப்பினப் பெயருக்கு 42. வாக்ஸின் லாக்வுட்டும் க்ரீன்பெர்க்கும் மறுபடி கடிதம் எழுதியது போலத்தான். இதில் என் கண்ணை உறுத்தியது வேறு. வீட்டுக்காரர் கூடவே குடியிருக்கும் அறையானாலும், ஆளே இல்லாத தனி வீடானாலும் பாகுபாடு இருந்தது. திருமதி மர்ஃபியின் சமையலறை வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

2018-இல் ஏர்பிஎன்பி தன் விதியை மாற்றியது: முன்பதிவை ஏற்ற பிறகுதான் விருந்தினரின் படம் வீட்டுக்காரருக்குத் தெரியும். ஓரிகன் மாநிலத்தில் ஒரு வழக்கின் முடிவாக, 2022 ஜனவரி கடைசியிலிருந்து, அங்கே வசிக்கும் விருந்தினர்களின் பெயர்கூட முழுதாக வராது, முன்பதிவு உறுதியாகும் வரை முதலெழுத்து மட்டும்தான் என்று ஆனது. தொழில்நுட்பத்தில் இதைச் செய்ய ஒரு நாள் வேலை போதும். அதைச் செய்யலாம் என்று முடிவெடுக்கத்தான் இத்தனை வருஷம்.

அந்த ஹார்வர்ட் ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. மறுப்பு அதிகம் தென்பட்டது, அதுவரை ஒரு கறுப்பின விருந்தினரைக்கூடத் தங்கவைக்காத வீட்டுக்காரர்களிடம். படித்ததும் எனக்கு லபியேரின் அந்த ஒரே ஒரு 'ஆம்' நினைவுக்கு வந்தது. சின்ன கார் முகாம் ஒன்றை நடத்தும் பெண்மணி எழுதிய பதில் அது. ஆம் என்று மட்டும் எழுதி நிறுத்தவில்லை, பேச்சுவாக்கில் நீளமாக ஒரு கடிதமே எழுதிவிட்டார். போன கோடையில் ஒரு சீனக் கனவானும் அவருடைய இனிமையான மனைவியும் வந்து தங்கினார்கள், அவர்களோடு பொழுது நன்றாகப் போனது என்று.